வீட்டில் நிற்கும் பைக்குக்கு ஒரு டிராலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் போகாத ஊர் குறைவு. போகிறவர் பைக்கை கார் போர்ச்சிலோ சிட்அவுட் ஓரத்திலோ நிறுத்தி, கவர் போட்டு மூடிவிட்டுப் போய்விடுகிறார். அப்புறம் அதை நகர்த்த வேண்டியிருப்பது அம்மாவுக்கு, அப்பாவுக்கு, மனைவிக்கு. தரை கழுவ, வீட்டு விசேஷத்துக்கு இடம் ஒழிக்க, மழை சாரல் அடிக்கும் பக்கத்திலிருந்து உள்ளே தள்ள என்று மாதத்துக்கு நாலு தடவையாவது இந்த வேலை வரும். அதற்காக நான் செய்து கொடுத்துவரும், நீங்களும் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளக்கூடிய சக்கரத் தட்டைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகள் இவை.

பைக்குக்கே இரண்டு சக்கரம் இருக்கிறதே, அதற்கு அடியில் இன்னும் எதற்குச் சக்கரம்?

பைக் முன்னும் பின்னும்தான் உருளும், பக்கவாட்டில் உருளாது. சுவரை ஒட்டி நிற்கும் வண்டியை ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டுமென்றால் ஹேண்டிலை ஒடித்து முன்னால் எடுத்து, திரும்பப் பின்னால் தள்ளி, மறுபடி முன்னால் எடுத்து என்று நாலைந்து முறை இழுக்க வேண்டும். அதைச் செய்கிறவர் அத்தனை நேரமும் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டும் இருக்க வேண்டும். ஸ்பிளெண்டர் ஏறக்குறைய 112 கிலோ. கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ. அறுபது வயது தாண்டியவர் மேல் அது சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

டிராலியின் முக்கியமான பயனே இதுதான்: வண்டியை நிமிர்த்திப் பிடிக்கும் வேலை தள்ளுகிறவர் கையிலிருந்து இரும்புக்குப் போய்விடுகிறது. அவர் தள்ளினால் மட்டும் போதும். அதனால்தான் யாராவது செய்து தரச் சொல்லிக் கேட்டால், வண்டி எது என்று கேட்பதற்கு முன்னால் யார் தள்ளப்போகிறார் என்று கேட்கிறேன். பட்டறை ஆள் தள்ளுகிற டிராலி ஒரு மாதிரி, முட்டுவலி உள்ள அம்மா தள்ளுகிற டிராலி வேறு மாதிரி. கீழே சொல்வதெல்லாம் இரண்டாவது ஆளை மனதில் வைத்துத்தான்.

பிளைவுட் பலகைக்கு அடியில் நாலு கேஸ்டர் வீல் (ஆபீஸ் நாற்காலிக் காலில் இருப்பதுபோல் சுழலும் சின்னச் சக்கரம்) முடுக்கினால் போதாதா?

உருளும். ஆனால் வண்டியை அதன் மேல் ஏற்றுவது யார்? 4 அங்குல கேஸ்டரின் மொத்த உயரம் 5 அங்குலம் வரும். அதன் மேல் பலகை வைத்தால் தரையிலிருந்து ஆறு அங்குலம் ஆகிவிடும். சரிவுப் பலகை போட்டு இரண்டு ஆள் சேர்ந்து ஏற்ற வேண்டும். இறக்கும்போது அதைவிட ஆபத்து.

அதனால் தட்டு சக்கரத்துக்கு மேலே உட்காரக் கூடாது, சக்கரங்களுக்கு நடுவே தொங்க வேண்டும். நடுவில் டயர் இறங்கும் ஒரு நீளமான யு வடிவச் சேனல், தரையிலிருந்து ஒரே ஒரு அங்குல உயரத்தில். அதன் முன்முனையிலும் பின்முனையிலும் பக்கத்துக்கு ஒன்றாக நாலு கைகள். ஒவ்வொரு கையும் சேனலின் பக்கச் சுவரிலிருந்து செங்குத்தாக நாலு அங்குலம் மேலேறி, அப்புறம் வெளிப்பக்கம் நீண்டு, அந்த நுனியில் கேஸ்டர். வண்டி ஏற வேண்டியது ஒரு அங்குலம்தான். சேனலின் வாயில் ஆறு அங்குலத் தகடு ஒன்றைக் கீல் வைத்துச் சரிவாக விட்டால் ஒரே தள்ளில் ஏறிவிடும்.

அளவுகள் சொல்ல முடியுமா?

ஸ்பிளெண்டர் மாதிரி வண்டியை வைத்துச் சொல்கிறேன். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1236 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு அடி கூடுதலாக விட்டால் சேனல் நீளம் 1550 மி.மீ. அளவில் வரும். கிளாசிக் 350-க்கு அச்சு இடைவெளி 1390 மி.மீ., ஆகவே 1700 வைக்கலாம்.

அகலத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் 100 மி.மீ. உருட்டுச் சேனலை (ஆலையில் உருட்டி வார்த்த கனமான சேனல்) வாங்கினால், இரண்டு பக்கத் தடிமனும் போக உள்ளே மிஞ்சுவது 85 மி.மீ. 80 மி.மீ. டயர் அதில் போகும், ஆனால் உரசிக்கொண்டுதான் போகும். அதனால் 3 மி.மீ. தகட்டைப் பட்டறையில் மடக்கிக்கொள்வது நல்லது: உள்ளகலம் 100, இரண்டு பக்கச் சுவரும் 50. அகலமான பின் டயர் உள்ள வண்டிக்கு உள்ளகலம் 130 வையுங்கள். உருட்டுச் சேனலைவிட எடையும் பாதிக்குப் பாதி குறையும்.

கைகளுக்கு 40-க்கு 40, 5 மி.மீ. தடிமன் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு). செங்குத்தாக ஏறி வெளியே திரும்புகிற அந்த முட்டில்தான் மொத்தப் பாரமும் வந்து நிற்கும். அங்கே உள்பக்கமாக ஒரு முக்கோணத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். 'அது இல்லாமலே தாங்கும் அண்ணே' என்று சொல்வார்கள். தாங்கலாம், ஆனால் வீட்டுக்காரர் இரண்டு வருடம் கழித்து வரும்போது நாலு கையும் விரிந்து, சேனல் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கும்.

எல்லாம் சேர்ந்து டிராலியின் எடை 25 கிலோவுக்குள் அடங்கும்.

அவ்வளவு கை நீட்டினால் இடம் அடைக்காதா?

அடைக்காது. இடவலமாக கேஸ்டருக்கும் கேஸ்டருக்கும் 26 அங்குலம் போதும். பைக்கின் ஹேண்டில் அதைவிட அகலம்.

சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் இடது பக்கம் சாயுமே, கவிழாதா?

நல்ல கேள்வி. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பாரம் நடுவில் இருப்பதில்லை, மூன்று நாலு அங்குலம் இடப்பக்கம் தள்ளி நிற்கும். டிராலியைச் சரிநடுவாகச் செய்தால் இடப்பக்க கேஸ்டர் இரண்டும்தான் அதிகப் பாரம் சுமக்கும். அதனால் இடப்பக்கக் கைகளை வலப்பக்கத்தைவிட 3 அங்குலம் நீளமாக வையுங்கள். மொத்த அகலம் அதே 26 அங்குலம்தான், சேனல் மட்டும் வலப்பக்கம் தள்ளிப் போகிறது.

ஸ்டாண்டு ஊன்ற ஒரு தட்டும் வேண்டும். அது சேனலின் அடித்தளத்தோடு ஒரே மட்டமாக இருக்கட்டும். தாழ்ந்தால் வண்டி அதிகம் சாயும், உயர்ந்தால் நிமிர்ந்து வலப்பக்கம் விழப்பார்க்கும். தட்டின் ஓரத்தில் ஒரு கம்பியை வைத்து ஒட்டினால் ஸ்டாண்டு வழுக்கி வெளியே போகாது.

முன் டயருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. அதோடு ஹேண்டிலின் இரண்டு பக்கத்திலிருந்தும் முன்கைகளுக்கு இரண்டு பட்டைக் கயிறு. பழைய சைக்கிள் டியூபை வெட்டி முன்பிரேக் லீவரை இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

சென்டர் ஸ்டாண்டு உள்ள வண்டிக்கு இவ்வளவு வேலை வேண்டுமா?

வேண்டாம். ஆக்டிவா, ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளுக்குச் சின்ன டிராலி போதும். ஸ்டாண்டின் இரண்டு காலும் ஊன்றுகிற அளவுக்கு 5 மி.மீ. தகடு, அதே மாதிரி தரையை ஒட்டித் தொங்கவிட்டு நாலு மூலையிலும் கேஸ்டர். சென்டர் ஸ்டாண்டு போட்டால் பின்டயர் தூக்கி நிற்கும், முன்டயர் தரையில் தானாக உருளும். பின்பக்கத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுழற்றலாம். குறுகலான நடையில் வண்டியைத் திருப்பி நிறுத்த இதுவே தாராளம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வண்டியை முன்னால் தள்ளினால் சென்டர் ஸ்டாண்டு மடங்கிவிடும். ஸ்டாண்டையும் முன்சக்கரத்தையும் சேர்த்து ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டால் மடங்காது.

கேஸ்டர் எத்தனை கிலோ தாங்குவதாக வாங்க வேண்டும்?

மொத்த எடையை நாலால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். நம் வீட்டுத் தரை எதுவும் கண்ணாடி மட்டமில்லை. எந்த நேரத்திலும் நாலில் ஒரு சக்கரம் சும்மா தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஸ்பிளெண்டர் 112, டிராலி 25, ஆக 137. மூன்றால் வகுத்தால் 46. கிளாசிக் என்றால் 220, மூன்றால் வகுத்தால் 73. முதலாவதுக்கு 70 கிலோ, இரண்டாவதுக்கு 100 கிலோ என்று கேட்டு வாங்குங்கள்.

நாலும் சுழலும் கேஸ்டராக இருக்கட்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் போகாது. இரண்டில் பிரேக் வேண்டும். அந்த இரண்டும், தள்ளுகிறவர் எந்தப் பக்கம் நிற்பாரோ அந்தப் பக்கமே வரட்டும். குனியாமல் கால் விரலால் மிதித்துப் போடவும் எடுக்கவும் முடிய வேண்டும்.

கேஸ்டரை நேரடியாக வெல்டிங் செய்ய விடாதீர்கள். சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் உருகிப் போய்விடும், பிறகு மாற்றவும் முடியாது. நாலு துளை போட்டு போல்ட்டு வைத்து முடுக்குவதே சரி.

நைலான், ரப்பர், பி.யு. (பாலியூரித்தேன்) என்று கடையில் மூன்று வகைச் சக்கரம் காட்டுகிறார்கள். எது நல்லது?

தரையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நைலான் சுலபமாக உருளும், எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் கெடாது. ஆனால் சத்தம் போடும், டைல்ஸ் விளிம்பில் இடித்தால் டைல்ஸ் உடையும். ரப்பர் சத்தமில்லாதது, ஆனால் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பாரத்தோடு நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். முதல் தள்ளுக்கு நகரவே நகராது. பி.யு. இரண்டுக்கும் நடுவே. டைல்ஸ் போட்ட சிட்அவுட்டுக்கு நான் பி.யு. சொல்வேன். நம் ஊர் ஈரத்துக்கும் வெக்கைக்கும் சில வருடங்களில் அதுவும் பொடிந்து உதிர வாய்ப்பு உண்டு. போல்ட்டு வைத்திருந்தால் கழற்றி மாற்றிவிடலாம், அவ்வளவுதான்.

முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்திருக்கிறோம். அதில் உருளுமா?

சின்னச் சக்கரத்துக்கு இன்டர்லாக் ஒரு சத்துரு. ஒரு கல் பக்கத்துக் கல்லைவிட 5 மி.மீ. தூக்கி நின்றால் போதும். மொத்தம் 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் இரண்டும் 3 அங்குலமாக இருந்து, இரண்டும் ஒரே நேரத்தில் அந்த விளிம்பில் முட்டினால், ஏற்றுவதற்கு ஏறக்குறைய 43 கிலோ விசையோடு தள்ள வேண்டும். 5 அங்குலச் சக்கரமானால் 32 கிலோ. இரண்டுமே வயதானவரால் ஆகிற காரியம் இல்லை.

வழி இருக்கிறது. நேராகப் போகாமல் சாய்வாகப் போங்கள். அப்போது ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான் விளிம்பில் ஏறும், தள்ள வேண்டிய விசை பாதியாகக் குறையும். 5 அங்குலச் சக்கரத்தோடு சாய்வாகப் போனால் 16 கிலோ அளவில் முடிந்துவிடும். அடிக்கடி போகிற வழி என்றால் இரண்டு வரிசைக் கல்லைப் பெயர்த்து மட்டம் பார்த்துப் பதிப்பதுதான் நிரந்தரத் தீர்வு. அது கொத்தனார் வேலை.

நிறுத்திய இடத்திலிருந்து தானாக நகர்ந்துவிடுகிறது. ஏன்?

கார் போர்ச் தரை மழைத் தண்ணீர் வடிவதற்காக வெளிப்பக்கம் சரிவாகத்தான் போடப்பட்டிருக்கும். அடிக்குக் கால் அங்குலச் சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 150 கிலோ அந்தச் சரிவில் 3 கிலோ விசையோடு கீழே இழுக்கும். நல்ல பேரிங் போட்ட கேஸ்டருக்கு அதுவே போதும். பிரேக் போடாமல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள், வீட்டில் தவழுகிற குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

வண்டியை ஏற்றும்போதும் இதே கதைதான். பிரேக் போடாத டிராலி, டயர் தொட்டதும் முன்னால் ஓடும். பிரேக் போட்டு, அதன் முன்முனையைச் சுவரில் முட்டக்கொடுத்து, அப்புறம் ஏற்றுங்கள்.

எங்கே பிடித்துத் தள்ள வேண்டும்?

சீட்டையோ ஹேண்டிலையோ பிடித்துத் தள்ளக் கூடாது. உயரத்தில் தள்ளினால், கீழே ஏதாவது ஒரு சக்கரம் சிக்கும்போது மொத்தமும் கவிழப் பார்க்கும். சேனலின் இரு முனையிலும் ஒரு துளை போட்டு, அரை அங்குலக் கம்பியை இடுப்புயரத்துக்குக் கொக்கி மாதிரி வளைத்து, மேல்முனையில் குறுக்குப்பிடி வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை மாட்டி இழுத்தால் விசை தரையை ஒட்டியே போகும், குனியவும் வேண்டாம். முடிந்தவரை இழுங்கள், மெதுவாக இழுங்கள்.

கடற்கரை வீடு. துருப்பிடிக்காமல் எத்தனை நாள் வரும்?

முட்டம், குளச்சல், கடியப்பட்டணம், தேங்காப்பட்டணம் பக்கம் உப்புக்காற்றில் பெயின்ட் அடிக்காத இரும்பு ஒரு மழைக்காலம் தாண்டாது. குலசேகரம், திருவட்டாறு பக்கம் உப்பு இல்லை, ஆனால் மழை விடாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கிடைக்கிற மாவட்டம் இது. ஆக, எங்கே வீடு இருந்தாலும் பெயின்ட் வேலையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெல்டிங் முடிந்ததும் கசடைத் தட்டி எடுத்து, கம்பி பிரஷ் போட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர், அதன் மேல் இரண்டு கை எனாமல். மறக்கப்படும் இடம் சேனலின் உள்மூலை. டயர் உட்காருகிற இடத்தில் தண்ணீர் தேங்கும், தூசி சேரும், அங்கிருந்துதான் துரு தொடங்கும். சேனல் அடியில் சாணுக்கு ஒன்றாக 10 மி.மீ. துளை போட்டுவிடுங்கள், தண்ணீர் நிற்காது. துளையின் உள்விளிம்புக்கும் பிரைமர் தொட்டு வையுங்கள்.

கேஸ்டருக்கு, சுழலும் கழுத்திலும் அச்சிலும் மழைக்கு முன்னும் பின்னும் கிரீஸ். கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேஸ்டர் கிடைத்து, கையில் காசும் இருந்தால் கடற்கரை வீட்டுக்கு அதுதான் முதல் தேர்வு.

வீட்டில் ரப்பர் மரப் பலகை கிடக்கிறது. மரத்தில் செய்யலாமா?

பதப்படுத்தாத ரப்பர் மரம் வேண்டாம். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். அயனி மரம் நல்லது, கனமும் தாங்கும். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள், வெட்டிய விளிம்புகளுக்கு பெயின்ட் அடித்து மூடுங்கள். ஆனால் மரத்தில் இந்தத் தொங்கும் அமைப்பைச் செய்வது கடினம். சென்டர் ஸ்டாண்டுக்கான சின்ன டிராலிக்கு வேண்டுமானால் சரி.

ரொம்ப நாள் நின்ற வண்டி. பின்சக்கரமே சுற்ற மாட்டேன் என்கிறது. எப்படி டிராலியில் ஏற்றுவது?

டிரம் பிரேக் லைனிங் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் நட்டைத் தளர்த்தி, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஒரு குட்டி டிராலி வேண்டும்.

இந்த யோசனை பனி நாடுகளில் சகஜம். கனடாவில் பனி மேல் ஓட்டுகிற ஸ்னோமொபைல் வண்டிக்கு முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பட்டை. பனி உருகியதும் அதை ஷெட்டுக்குள் வைத்தால் சிமென்ட் தரையில் சறுக்காது, சக்கரமும் கிடையாது. எனவே ஒவ்வொரு சறுக்குக் கட்டைக்கும் ஒன்று, பட்டைக்கு ஒன்று என்று மூன்று தனித்தனிச் சக்கரத் தட்டுகளை அடியில் கொடுத்து நகர்த்துகிறார்கள். உருள மறுக்கிற இடத்துக்கு மட்டும் சக்கரம் கொடுக்கும் அதே வேலைதான் இதுவும். ஒரு அடி நீளச் சேனல் துண்டு, நாலு கேஸ்டர். ஒருவர் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பின்டயரைத் தூக்க, இன்னொருவர் அடியில் தள்ளிவிடலாம். இதற்கு மட்டும் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேருமே திடமான ஆளாக இருக்க வேண்டும்.

எஞ்சின் கரைக்குக் கொண்டுபோக இதே மாதிரி செய்து தர முடியுமா?

வள்ளத்தின் அவுட்போர்டு எஞ்சினை (வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்) கேட்கிறீர்கள். மணலில் கேஸ்டர் ஒரு அடிகூடப் போகாது, அச்சு வரை புதைந்து நிற்கும். மணலுக்கு வேண்டியது அகலமும் மெத்தென்ற காற்று டயரும். பழைய ஸ்கூட்டரின் 10 அங்குல டயர் இரண்டை ஒரே அச்சில் பூட்டி, காற்றைப் பாதியாகக் குறைத்து, இரு சக்கரக் கைவண்டியாகச் செய்யுங்கள். எஞ்சினைப் பிடிக்கும் கட்டை அச்சுக்கு நேர்மேலே வந்தால் கையில் பாரம் தெரியாது. உப்புத்தண்ணீர் பட்ட அன்றே அச்சை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

வெள்ளம் வந்தால் டிராலியில் நிற்கும் பைக் தப்புமா?

தப்பாது. 2021 நவம்பரில் மாவட்டம் முழுக்க மழை கொட்டியபோது தாழ்வான வீடுகளில் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். டிராலி தருகிற உயரம் ஒரு அங்குலம்தான். அது பயன்படுவது தண்ணீர் வருவதற்கு முன்னால், வண்டியை மேடான பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போக. தள்ளியபின் பிரேக் போட்டு, சேனலைப் போர்ச் தூணோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். தண்ணீர் ஏறினால் சக்கரம் உள்ள எதுவும் நின்ற இடத்தில் நிற்காது.

இரண்டு வருடம் அப்படியே நிற்கும் என்றால் வேறு என்ன செய்ய வேண்டும்?

பேட்டரியைக் கழற்றி வையுங்கள். டயரில் காற்று நிறைத்து வையுங்கள், வீட்டில் உள்ளவர் அவ்வப்போது பார்த்து நிரப்பட்டும். சேனலுக்கு அடியில் இரண்டு முனையிலும் எதிரெதிராக மர ஆப்பு இரண்டு வைத்துத் தட்டி இறுக்கினால் பாரம் கேஸ்டரிலிருந்து ஆப்புக்கு மாறும், கேஸ்டர் தட்டையாகாது. நகர்த்தும்போது சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் ஆப்பு கழன்றுவிடும்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள், நீங்கள் ஒதுங்கி நின்று, வீட்டில் இருக்கப்போகிறவர் கையிலேயே பிரேக்கை எடுத்து, இழுத்து, நிறுத்தி, மறுபடி பிரேக் போடச் சொல்லிப் பாருங்கள். எங்கே அவருக்குக் கை எட்டவில்லை, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். இழுப்புக் கம்பியின் நீளத்தையும் பிரேக்கின் பக்கத்தையும் மாற்ற வேண்டுமானால் பட்டறையில் அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம்.